புள்ளிக்கு இடப்பக்கம்

ரொறன்ரோவுக்கு வடக்கே றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கிக் குடிவருகிறவருக்கு முதல் பனிக்காலத்திலேயே ஒரு விசயம் விளங்கிவிடும். வாசலில் உள்ள சின்னத் தெருவுக்குப் பனி தள்ள வருவது நகரசபையின் வண்டி. அந்தத் தெரு போய் ஏறுகிற பேவியூ அவெனியூவைத் துப்புரவாக்குவது பல ஊர்களுக்குப் பொதுவான யோர்க் றீஜனின் வண்டி. பேவியூவில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருவதற்குள் காரின் சில்லில் இரண்டு அரசாங்கங்களின் உப்பு ஒட்டிவிடும். குப்பையை வீட்டு வாசலில் வந்து எடுப்பது நகரம். எடுத்த குப்பையை என்ன செய்வது என்பது றீஜனின் தலையிடி. நூலகம் நகரத்துடையது, பொலிஸ் றீஜனுடையது. பஸ்ஸும் ஒரு காலத்தில் றிச்மண்ட் ஹில்லின் சொந்த பஸ்ஸாகத்தான் ஓடியது. 2001இல் அக்கம்பக்கத்து ஊர்களின் பஸ்களோடு சேர்ந்து அது றீஜனிடம் போனது. ரொறன்ரோவுக்குப் போகும் கோ ரயிலைக் கேட்டால் அது மாகாணத்தின் பாடு.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணையத்தளம் உண்டு. காணி வரி கட்ட ஒன்று, பஸ் நேரம் பார்க்க ஒன்று, களவு போனால் முறையிட இன்னொன்று. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து 'இதை எத்தனையாகப் பிரிப்போம்' என்று யோசித்து வந்த பிரிவுகளல்ல இவை. பொறுப்பு எந்தக் கோட்டில் பிரிந்ததோ, பெயரும் அந்தக் கோட்டிலேயே பிரிந்தது.

இங்கேயும் மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் உள்ள எங்கள் சங்கங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி தலைகாட்டும். பழைய மாணவர் சங்கமோ, ஊர்ச் சங்கமோ, தமிழ்ப் பள்ளியோ, வெப்சைற் கொஞ்சம் பருத்ததும் நிர்வாகக் கூட்டத்தில் யாராவது கேட்பார்: புலமைப்பரிசிலுக்குத் தனியாக ஒரு சப்டொமெய்ன், அதாவது சங்கத்தின் முகவரிக்கு முன்னால் புள்ளி வைத்து ஒரு கிளைப்பெயர், போடுவோமா? விளையாட்டுப் போட்டிக்கு ஒன்று, மலருக்கு ஒன்று? அதற்குப் பிறகு வாதம் முழுக்க, எப்படிப் போட்டால் கூகிளில் மேலே வரும் என்பதிலேயே போய் நிற்கும். கூகிளின் ஜோன் முல்லர் 2017இலேயே 'சப்டொமெய்னோ, முகவரிக்குப் பின்னால் ஒரு கோப்புறையோ, எங்களுக்கு இரண்டும் சரிதான்' என்று சொல்லிவிட்டார், வாதம் ஓய்ந்தபாடில்லை. சப்டொமெய்ன் என்ற சாமான் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால், வாதத்தை வேறு இடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அது பிறந்தது ஒரு கொப்பியின் தொல்லையால். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெற்றில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் இலக்கமும் ஒரேயொரு கோப்பில் இருந்தன. 'ஹோஸ்ற்ஸ் டொட் ரெக்ஸ்ற்' என்று அதற்குப் பெயர். கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற இடத்தில், எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்துக் கந்தோரில், எலிசபெத் பைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினியை வலையில் சேர்ப்பவர் அங்கே அறிவிக்கவேண்டும். அதுவும் அவர்களுடைய கந்தோர் நேரத்தில். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணிக்கு அவசரம் வந்தால், மேற்குக் கரையில் ஆட்கள் வேலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். திருத்திய கோப்பை மற்ற எல்லோரும் இறக்கித் தங்கள் கணினியில் வைத்துக்கொள்வார்கள். இறக்காதவருடைய கணினிக்குப் புதிதாக வந்தவரைத் தெரியாது. பெயர்களிலும் படியோ கிளையோ இல்லை: ஒருவர் ஒரு பெயரை எடுத்துவிட்டால் உலகத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது.

கணினிகள் சில நூறாக இருந்தவரை இது ஓடியது. 1980களின் தொடக்கத்தில் மூச்சு முட்டத் தொடங்கியது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவனத்தில் ஜொன் பொஸ்ரெல், தன்னோடு வேலைசெய்த போல் மொக்கபெற்றிஸிடம் ஐந்து யோசனைகளைக் கொடுத்து, இவற்றுக்கு நடுவே ஒரு சமரசம் கண்டுபிடி என்றார். அவர் ஐந்தையும் வைத்துவிட்டுத் தானே ஆறாவதைச் செய்தார். 1983 நவம்பரில் 882, 883 என்ற இலக்கங்களோடு வெளிவந்த இரண்டு ஆவணங்கள்தான் அது. டி.என்.எஸ். என்று இன்று உலகம் முழுக்க ஓடும் பெயர் முறையின் முதல் வடிவம்.

அதில் எல்லோரும் கவனிப்பது மரம்போல் கிளைவிடுகிற பெயரை. வலது கோடியில் வேர், இடப்பக்கம் போகப் போகக் கிளை, நடுவில் புள்ளிகள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. எந்தக் கிளையையும் வெட்டி இன்னொருவர் கையில் ஒப்படைக்கலாம் என்பது. ஒப்படைக்க வேண்டியது ஒரு வரிதான்: 'இந்தப் பெயருக்குக் கீழே உள்ள எதையும் என்னிடம் கேட்காதே, இன்ன கணினியைக் கேள்.' அந்த வரியை எழுதியபின் கீழே யார் எத்தனை பெயர் வைத்தாலும் மேலே இருப்பவருக்குத் தெரியவேண்டியதில்லை, ரெலிபோன் எடுத்துக் கேட்கவும் தேவையில்லை. மென்லோ பார்க் கந்தோரின் கொப்பி அப்படித்தான் பல்லாயிரம் கைகளுக்குப் பிரிந்து போனது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெயரில் புள்ளி வைப்பது வேறு, கிளையை வெட்டிக் கொடுப்பது வேறு. ஒரே ஆள், ஒரே கோப்பில், புள்ளிக்கு இடப்பக்கம் நூறு பெயர் எழுதி வைத்திருக்கலாம். பார்க்கிறவருக்கு நூறு சப்டொமெய்ன். உள்ளே ஒரே நிர்வாகம். எங்கள் சங்கக் கூட்டங்களில் பேசப்படுவது பெரும்பாலும் இந்த முதல் வகை, வெறும் புள்ளி. புலமைப்பரிசிலுக்கும் மலருக்கும் விளையாட்டுக்கும் பாஸ்வேர்ட் வைத்திருப்பது அதே ஒரு பொடியன்தான். அவன் வேலை மாறி அல்பேர்ட்டாவுக்குப் போனால் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும்.

மொக்கபெற்றிஸின் எழுத்தை யுனிக்ஸ் கணினிகளில் ஓடவைத்தவர்கள் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் நான்கு பட்டப்பின் மாணவர்கள்: டக்ளஸ் ரெறி, மார்க் பெயின்ரர், டேவிட் றிகிள், சொங்னியான் சோ. 1984 அளவில் அவர்கள் எழுதிய 'பைண்ட்' என்ற மென்பொருளின் வம்சம் இன்றைக்கும் ஓடுகிறது. நான்காவது பெயர் எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சங்கதி. சோ பின்னர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். 1992இல் இன்னும் இருவரோடு சேர்ந்து 'பிளாட்போர்ம் கொம்பியூட்டிங்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து தலைமையகம் வைத்திருந்தது மார்க்கத்தில். 2012இல் ஐ.பி.எம். அதை வாங்கியது. அந்த நிறுவனம் விற்றது, பல கணினிகளை ஒரே கணினிபோல் வேலை செய்யவைக்கும் மென்பொருள். பெயர்களைப் பிரித்துக் கொடுக்கும் கருவியை இளவயதில் எழுதிய மனிதர், பிறகு பிரிந்து கிடப்பவற்றைச் சேர்ப்பதையே தொழிலாக்கினார்.

அமெரிக்காவில் மரம் தயாரானதும் கனடாவுக்கும் ஒரு கிளை வந்தது. 1987 மே மாதம் 'டொட் சிஏ' பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஜோன் டெம்கோவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1988 ஜனவரியில் பதிவான முதல் பெயர் பிரின்ஸ் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தின் பெயர். தொண்டர்கள் நடத்திய பதிவகம், பெயருக்குக் காசு இல்லை. ஆனால் ஒரு சட்டம் இருந்தது. எந்த மட்டத்தில் பெயர் கிடைக்கும் என்பது நிறுவனம் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் கந்தோர் வைத்திருந்தால் நேரே சிஏக்கு அடுத்த இடம். ஒரே மாகாணத்துக்குள் என்றால் ஒன்ராறியோவைக் குறிக்கும் 'ஓஎன்' நடுவில் வரும். ஒரே ஊருக்குள் என்றால் ஊரின் பெயரும் சேர்ந்து நாலாம் படிக்கு இறங்கவேண்டும். ரொறன்ரோ நகரசபையின் முகவரியே அந்நாளில் 'சிற்றி.ரொறன்ரோ.ஓஎன்.சிஏ' என்றுதான் இருந்தது. வோன் நகரத்துக்கும் அதே அச்சு.

காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு அழகு! நாடு, மாகாணம், ஊர், கடை. கடிதத்தில் விலாசம் எழுதுகிற ஒழுங்கு. நடைமுறையில் என்ன நடக்கும்? றிச்மண்ட் ஹில்லில் மட்டும் உள்ள கடைக்காரர் ஊரின் பெயரைச் சுமந்த முகவரியை எடுத்து விசிற்றிங் கார்ட் அடிப்பார். மார்க்கத்தில் இரண்டாவது கடை திறந்தால் அவர் இப்போது ஓஎன்காரர். மொன்றியாலில் மூன்றாவது என்றால் சிஏகாரர். ஒவ்வொரு வளர்ச்சிக்கும் புதுப்பெயர், புதுக் கார்ட், புதுப் பலகை. ஊரின் பெயர் முகவரிக்குள் இருக்கிறதே என்று ஊருக்கு அதில் ஏதும் வேலையும் இருக்கவில்லை; விண்ணப்பம் நகரசபைக்குப் போவதில்லை. புள்ளிகள் இருந்தன, கைகள் மாறவில்லை. சனம் என்ன செய்தது என்று கேட்டால், 1995க்குப் பிறகு வருடத்துக்கு ஐம்பது டொலர் கொடுத்து டொட் கொம் வாங்கியது. இலவசமாகக் கிடைத்ததை விட்டுவிட்டுக் காசு கொடுத்து அயல்வீட்டுப் பெயரை வாங்க வைத்த ஒழுங்கு அது. 2000 டிசம்பரில் பொறுப்பெடுத்த சி.ஐ.ஆர்.ஏ. என்ற புதிய அமைப்பு, யாரும் நேரே சிஏயின் கீழ் வரலாம் என்று கதவைத் திறந்தது. 2010 ஒக்ரோபருக்குப் பிறகு மூன்றாம், நாலாம் படிகளில் புதுப் பெயர் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே எடுத்தவர்களுடையதை மட்டும் பறிக்கவில்லை.

இதற்கிடையில் புள்ளிக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. 1995இல் நெற்ஸ்கேப் உலாவி தன் இரண்டாம் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்ற்றைக் கொண்டுவந்தபோது ஒரு பயமும் கூடவே வந்தது: ஒரு பக்கத்தில் ஓடும் நிரல் இன்னொரு பக்கத்துக்குள் எட்டிப் பார்த்தால்? ஆகவே முகவரியின் பெயர் முழுதாக ஒத்துப்போனால் ஒழிய ஒன்றையொன்று தொட விடாதே என்ற விதி பிறந்தது. அன்றிலிருந்து சப்டொமெய்ன் பாதுகாப்புச் சுவராகவும் ஆனது. சுவரில் ஓட்டையும் உண்டு. கிளைப் பெயரில் உள்ள பக்கம் தாய்ப் பெயருக்கும் சேர்த்துக் 'குக்கி' வைக்கலாம். நிரல்களைச் சேமித்துப் பகிர இடம் கொடுக்கும் கிற்ஹப் நிறுவனம் ஆரம்பத்தில் பயனர்களின் பக்கங்களைத் தன் பெயரின் கீழே சப்டொமெய்ன்களாக வைத்திருந்தது. 2013 ஏப்ரலில் அவற்றை 'கிற்ஹப்.ஐஓ' என்ற வேறு டொமெய்னுக்கே கொண்டுபோனது இந்த ஓட்டைக்குப் பயந்துதான். முன்பின் தெரியாதவர் எழுதிய நிரல் உங்கள் தளத்தில் ஓடப்போகிறது என்றால் பிரிப்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. சங்கத்து மலரின் பி.டி.எஃப். கோப்புக்கு அந்தப் பயம் தேவையில்லை.

கைகளைப் பார்த்துப் பிரித்த பிரிவு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் எழுதுகிற எங்களுக்கு வெளியே தேடவேண்டியதில்லை. விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கியது. இரண்டு மாதத்தில், மார்ச்சில், ஜேர்மன் மொழிக்கு 'டொய்ச்' என்ற முன்னொட்டோடு தனி முகவரி வந்தது. அதே மாதம் கற்றலான் மொழிக்கும். ஆங்கிலம் மட்டும் முன்னொட்டு இல்லாமல் முழுப்பெயரிலேயே குந்தியிருந்தது. மற்றவர்கள் வாடகைக்கு வந்தவர்கள்போல. பிறகுதான் எல்லோருக்கும் ஈரெழுத்து என்ற நியாயம் வந்து, ஆங்கிலமும் 'ஈஎன்' ஆகித் தன் வரிசையில் போய் நின்றது. தமிழுக்குக் கிடைத்தது 'ரிஏ'.

அந்த ரிஏயின் முதற்பக்கம் 2003 செப்ரெம்பர் 30ஆம் திகதி, பெயர் சொல்லாத ஒருவர் கையால் திறந்தது. திறந்தவர் வீடு கட்டவில்லை. நவம்பரில் வந்து சேர்ந்த இ. மயூரநாதன்தான் இடைமுகத்தைத் தமிழாக்கி, கட்டுரைகளை எழுதத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தவர், ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேலைசெய்த கட்டடக் கலைஞர். அவர் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. தமிழில் எந்தக் கட்டுரை இருக்கலாம், எந்தச் சொல்லை ஆளலாம் என்பதைத் தீர்மானிக்க ஆங்கில விக்கிப்பீடியாவில் எவருக்கும் உரிமை இருக்கவில்லை. ஒப்படைத்தல் என்றால் அது. ரொறன்ரோவில் இயங்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. 2017இல் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைத் தாண்டின.

ஆனால் பிரித்த கையோடு செலவும் வந்தது. யாழ்ப்பாணத்தில் காணி பிரித்து உறுதி எழுதும்போது கிணற்றுப் பங்கையும் வழிப் பங்கையும் எழுத மறந்தால் பிற்காலம் முழுக்க வழக்குத்தான். விக்கிப்பீடியாவில் முதலில் அதை மறந்துவிட்டார்கள். ஒரே யானைப் படத்தை ஒவ்வொரு மொழிக்காரரும் தனித்தனியாக ஏற்றினார்கள். ஒரு மொழியில் கணக்குத் திறந்தவர் அடுத்த மொழிக்குப் போனால் அந்நியர். ஒரு கட்டுரைக்கு மற்ற மொழிகளில் உள்ள இணைகளை ஒவ்வொரு மொழிப் பக்கத்தின் அடியிலும் வேறுவேறாக எழுதி வைக்கவேண்டும். புதுமொழி ஒன்று சேர்ந்தால் எல்லாவற்றையும் திருத்தவேண்டும். படங்களுக்குப் பொதுவாக 'கொமன்ஸ்' 2004இல் வந்தது. ஒரே கணக்கால் எல்லா மொழியிலும் நுழைவது 2008இல் தொடங்கியது. இணைப்புகளைப் பொதுவில் வைக்க 'விக்கித்தரவு' 2012இல் வந்தது. பிரித்தது இரண்டே மாதத்தில். பொதுக் கிணறுகளை வெட்டி முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல்.

எங்கே பிரிக்காமல் விட்டார்கள் என்பதும் பார்க்கத்தக்கது. சீன மொழிக்கு எளிய எழுத்து, மரபு எழுத்து என்று இரண்டு இருந்தும் ஒரே விக்கிப்பீடியா. எழுத்தை மாற்றிக் காட்டும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. சேர்போ குரொவேசிய மொழிக்கு மறுவளம்: பொஸ்னியம், குரொவேசியம், சேர்பியம் என்று தனித்தனி, பழைய கூட்டுமொழிக்கும் ஒன்று. அதில் குரொவேசியப் பதிப்பு ஒரு சிறு குழுவின் கைக்குள் பல வருடம் அகப்பட்டு வரலாற்றைத் திரித்து எழுதியதை விக்கிமீடியா நிறுவனமே 2021இல் அறிக்கையாக வெளியிட்டது. சின்ன வளவில் பத்துப் பேர் சேர்ந்தால் பெரும்பான்மை என்ற ஆபத்து அது. தமிழ் பிரியவில்லை. இலங்கைக்காரர் ரொறன்ரோ என்று எழுதுவதும் தமிழ்நாட்டுக்காரர் டொராண்டோ என்று எழுதுவதும் ஒரே தளத்துக்குள்தான் நடக்கிறது. ஒரு தலைப்பிலிருந்து மற்றதுக்கு வழிமாற்று ஒன்று போட்டால் தீர்ந்தது. பேச்சுப் பக்கங்களில் எழுத்துக்கூட்டலுக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள்தான். பிரிந்து போயிருந்தால் சண்டை இருந்திராது, ஒரு இலட்சமும் இருந்திராது.

அதே விக்கிப்பீடியாவில் கைகளைப் பாராமல் பிரித்த பிரிவு ஒன்றும் இருந்தது. கைத்தொலைபேசிக்கென்று மொழிக் குறிக்குப் பக்கத்தில் 'எம்' என்றொரு எழுத்து. தமிழுக்கு 'ரிஏ.எம்'. எழுதியவர்கள் அதே ஆட்கள், கட்டுரை அதே கட்டுரை, திரையின் அகலம் மட்டும் வேறு. போனில் வாசித்தவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைக் கணினியில் திறந்தால், பெரிய திரையின் நடுவே போன் பக்கம் ஒல்லியாக நிற்கும். கூகிளிலிருந்து போனில் வருகிறவரை எம்முக்குத் திருப்பிவிடுவதில் ஒவ்வொரு முறையும் நேரம் வீணானது. 2025இல் அந்த எம்மை எடுத்துவிட்டார்கள். ஒரே முகவரி, திரைக்கு ஏற்றபடி பக்கம்.

பிரிவு வைத்திருக்கிறவரின் வசதிக்குப் பிறந்தது, வாசிக்க வருகிறவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கனடிய மத்திய அரசாங்கம் இதை உணர்ந்து 2013 டிசம்பரில் 'கனடா.சிஏ' என்ற ஒரே வாசலைத் திறந்தது. திணைக்களங்களின் சுமார் 1,500 தளங்களை 2016 முடிவதற்குள் அதற்குள் கொண்டுவந்து விடுவது திட்டம். வாசல் வந்தது, உள்ளே இருந்த திணைக்களங்கள் ஒன்றாகவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி அமைச்சர், தனி வரவு செலவு, தங்கள் பக்கத்தைத் தாங்களே திருத்தும் ஆட்கள். தவணை தவறியது, செலவு ஏறியது, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு இழுக்கும் எண்ணத்தைக் கடைசியில் தளர்த்தினார்கள். வெட்டிக் கொடுத்த கிளையைத் திரும்ப ஒட்டுவது, டி.என்.எஸ். கோப்பில் ஒரு வரியை அழிப்பதுபோல் முடிகிற காரியமில்லை. யோர்க் றீஜனும் றிச்மண்ட் ஹில்லும் நாளைக்கு ஒரே இணையத்தளம் வைத்தாலும் பேவியூவுக்கு ஒரு வண்டியும் வீட்டுத் தெருவுக்கு ஒரு வண்டியும்தான் வரும்.

கனடா.சிஏக்குள் போகாமல் தனியாக நின்றவற்றில் ஒன்று கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம். கனடாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர், றிச்மண்ட் ஹில்லில் எத்தனை பேர் என்று 2021 குடிசனக் கணக்கெடுப்பில் பார்க்க விரும்புகிறவர் அங்கேதான் போகவேண்டும். போனால் முகவரியின் தொடக்கத்தில், புள்ளிக்கு இடப்பக்கம், மூன்று 'டபிள்யூ'வுக்குப் பிறகு 12 என்று ஓர் இலக்கம் நிற்கும். வேறு சில அட்டவணைகளுக்கு அதே இடத்தில் 150. அந்த 12 எதைக் குறிக்கிறது என்பது அந்தச் சேவரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குத் தெரியும்.